சேவல் இல்லாத தெரு

போன மாதம் எங்கள் பழைய கால்நடை மருந்தகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் நாற்காலியில் இப்போது கால்நடை ஆய்வாளராக உட்கார்ந்திருக்கும் பெண்ணும், அவருடைய உதவியாளரும். கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் வருகிறது, அதற்கு முன்னால் ஒரு பயிற்சிக் கூட்டம், நீங்கள் வந்து பத்து நிமிஷம் அனுபவத்தைப் பேச வேண்டும் என்றார்கள். காபி குடித்துக்கொண்டே அந்தப் பெண் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். இனிமேல் நோட்டு, பதிவேடு எதுவும் கிடையாதாம். ஆண், பெண், குஞ்சு என்று மூன்று கட்டம். எண்ணைத் தட்டினால் போதுமாம்.

"சேவல்னு போடலையாம்மா?" என்றேன்.

"ஆண்னாலே சேவல்தானே சார்" என்று சிரித்தார்.

எனக்குச் சுரீர் என்றது. அவர் மேல் தப்பில்லை. அவர் வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், சொல்லவும் செய்தேன். அதற்கு என்ன ஆனது என்று பத்து நிமிஷத்தில் பேச முடியாது. மேடையில் ஏறினால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் உளறுவேன். எழுதித் தருகிறேன் தாயே, வேண்டுமானால் படித்துக்காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்றதும் உதவியாளர் முகத்தில் ஈ ஆடவில்லை. ஆடாவிட்டால் போகட்டும், எழுதாமல் விடப்போவதில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். பதினோரு மாதப் பயிற்சி முடித்து, மாட்டுக்கு எந்தப் பக்கம் கொம்பு என்று தெரிந்த அளவில் வேலைக்கு வந்தேன். நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்கள்தான் என் வேலை எல்லை. வீடு மட்டும் டவுன்ஷிப்புக்குள். என் மனைவிக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை, அவளுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் நானும் இருந்தேன். "பொண்டாட்டி குவார்ட்டர்ஸ்ல குடியிருக்கற கோழி டாக்டரு" என்று பிளாக் முழுக்க எனக்குப் பட்டப்பெயர். நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் அந்தப் பெயரை நான் மறுத்துப் பேசியதில்லை.

உண்மையான டாக்டர் மங்கையர்க்கரசி அம்மா. அவரிடம்தான் வேலை கற்றேன். மெலிந்த உருவம், தாழ்ந்த குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும், பக்கத்தில் போய் நின்றால்தான் காதில் விழும். ஆடு மாடு பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பதிவேட்டில் எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். சாயந்திரம் மருந்தகத்துக்கு வந்து, ஒவ்வொரு வரியையும் மறுபடி படித்து, சந்தேகம் இல்லாதவற்றை மட்டும் மையால் எழுதுவார். சந்தேகம் இருப்பது பென்சிலிலேயே நிற்கும். மறுநாள் அந்த வீட்டுக்கு யாராவது போக வேண்டும். யாராவது என்றால் நான்தான்.

கோழிக்கழிச்சல் என்பது நாட்டுக்கோழியின் எமன். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், இரண்டு மூன்று நாளில் கூடையே காலியாகிவிடும். வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்புத்தான். தடுப்பு மருந்து உயிருள்ள மருந்து. ஐஸ் போட்ட ஃபிளாஸ்கிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். ஸ்பிரிட் தொட்டு ஊசியைத் துடைத்தால் மருந்தே செத்துப்போகும். கொதிநீரில்தான் ஊசியைச் சுத்தம் செய்வோம். கோழியைத் திறந்துவிட்டபின் போனால் ஒன்றும் கையில் சிக்காது. அதனால் விடியும்போதே தெருவில் நிற்க வேண்டும். குஞ்சுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு, பெரிய கோழிக்கு இறக்கைக்குக் கீழே தோலில் ஊசி. வீட்டுக்கு இரண்டு நிமிஷம் என்பது என் கணக்கு. அந்த வேகத்தில் எனக்குக் கர்வமும் இருந்தது.

வந்த புதிதில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு முகாம். ஒரு வீட்டில் சேவல் எத்தனை என்று கேட்டேன். அந்த மனிதர், "காகம் ஒண்ணு, வல்லூறு ஒண்ணு, மயிலு ஒண்ணு" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து நானும் விறைப்பாக, 'சேவல் இல்லை, காகம் 1' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். சாயந்திரம் டாக்டரம்மா அந்த வரிக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஞானசேகர், காக்காவுக்கு எங்க ஊசி போட்டீங்க?"

சண்டைக்கு வளர்ப்பவர்கள் சேவலை இறகின் நிறத்தை வைத்து அப்படித்தான் அழைப்பார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குச் சேவல் என்ற சொல் ரொம்பப் பெரிசு, எந்த நிறம் என்று அது சொல்வதில்லை. டாக்டரம்மா சிரித்து ஓய்ந்ததும் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தார். "எத்தனை சேவல்னு இனிமே கேக்காதீங்க. வீட்ல என்னென்ன இருக்குன்னு கேளுங்க. அவங்க என்ன பேர் சொல்றாங்களோ அதை இதுல எழுதுங்க. படிவத்துல என்ன போடறதுன்னு நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த நோட்டு நிரம்பத் தொடங்கியது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சேவ, சேவக்கோழி. டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள் அல்லவா, தெற்கேயிருந்து வந்தவர்கள் சாவல் என்றார்கள். ஆணுக்கு இத்தனை என்றால் பெட்டைக்கும் குறைவில்லை, முதல் முட்டைக்குத் தயாராகும் வெடைக்கோழி தனி, அடைக்கோழி தனி. கோழி என்றால் இரண்டும்தான், ஆனால் 'கோழி கூவிச்சு' என்றால் அது சேவல்தான். எழுத எழுத எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

என் மனைவியின் பள்ளியில் திருவதிகைக்காரர் ஒரு தமிழாசிரியர் இருந்தார். அவருடைய நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வந்தபோது பிடித்துக்கொண்டேன். நாயை நான் பிடித்திருக்க, அவரை என் கேள்வி பிடித்திருந்தது.

"சேவல்னா கோழிக்கு மட்டும் சொந்தம்னு நெனச்சீங்களா? அந்தக் காலத்துல சிறகு இருக்கிற எல்லாத்துக்கும் ஆண் சேவல்தான். அன்னத்துக்கும் சேவல், அன்றிலுக்கும் சேவல், புறாவுக்கும் சேவல். மயிலுக்கு மட்டும் கிடையாதுன்னு இலக்கணத்துல விலக்கு."

"அது ஏன் மயிலுக்கு மட்டும்?"

"அதோட சாயல் ஆம்பளைத்தனமா இல்லையாம். உரைகாரங்க சொல்றது. மயில்கிட்ட யாரும் கேக்கலை."

இன்னும் சொன்னார். நிகண்டுகளில் ஆண் குதிரைக்கும் சேவல் என்று பெயர் உண்டாம். காவல் என்று ஒரு பொருள், சேறு என்று ஒரு பொருள். வேர் எது என்றேன். சே என்றால் சிவப்பு, சே என்றால் காளை, இரண்டில் எதிலிருந்தும் வந்திருக்கலாம், யாரும் சத்தியம் செய்ய முடியாது என்றார். நான் விடவில்லை. சிவப்புத்தான் ஐயா, கொண்டையைப் பாருங்கள் என்றேன். "கொண்டை பொட்டைக்கும் சிவப்புதானே" என்று ஒரே போடாகப் போட்டார். அப்புறம் நாயை அழைத்துக்கொண்டு போய்விட்டார். நான் இன்றுவரை சிவப்புக் கட்சிதான். சின்னதாக இருந்தாலும் பொட்டைக்கும் சிவப்புத்தான் என்பதற்கு என்னிடம் பதிலும் இல்லை, கட்சி மாறும் எண்ணமும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. வானத்துப் பறவை அத்தனைக்கும் பொதுவாக இருந்த சொல், காலப்போக்கில் சுருங்கிச் சுருங்கி ஒரு வீட்டுப் பறவையின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது அதோடு நிற்கவில்லை, இன்னும் சுருங்கும் என்பதை ஒரு தெருவில் போய்த்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தவன் நானில்லை.

அந்தத் தெரு சுரங்கத்து மண்மேட்டுக்குத் தெற்கே இருந்தது. பத்தொன்பது வீடு. ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பங்கள். இப்போது பாதிப் பேர் கான்ட்ராக்ட் வேலை, மீதிப் பேர் பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்புகளில் காய் இறக்கப் போவார்கள். தெருவின் பின்பாதியில் அஞ்சலை வீடு. டவுன்ஷிப் பிளாக்குகளில் பெருக்கும் கான்ட்ராக்டில் இருந்தார். அவர் கணவர் வீரமுத்து முந்தைய வருஷம் பலாமரத்திலிருந்து விழுந்தவர். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்து, எட்டு மாதம் கட்டிலோடு கிடந்தார். எலும்பு கூடிவிட்டது, இனி நடந்து பழகினால் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் மனிதருக்கு மனதில் பயம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசற்படி, வாசற்படியிலிருந்து கட்டில், அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முகாம் அன்று விடியற்காலை நான் அந்த வீட்டு வாசலில் நின்றபோது, ஃபிளாஸ்கில் மருந்து கரைத்து ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அஞ்சலை பஞ்சாரத்தைத் தூக்கிப் பெட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். ஒன்பது ஊசி.

"சேவல் எத்தனைம்மா?"

"சேவ இல்லீங்க. எல்லாத்தையும் பொங்கலு கரிநாளுக்கு முன்னாடியே வித்தாச்சு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கொல்லைப்புறத்தில் ஒன்று கொக்கரக்கோ என்று கூவியது. நல்ல வளர்ந்த சேவலின் குரல். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கூவுதே?"

"அது சேவ இல்லீங்க. அது ஐயாது."

பக்கத்து வீட்டு ஐயாவுடையது என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் நிஜம். மருந்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது, இன்னும் ஆறு வீடும், பக்கத்துத் தெரு முழுக்கவும் பாக்கி இருந்தது. என்னென்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்லிக்கொடுத்த டாக்டரம்மா அன்றைக்கு வேறு கிராமத்தில் இருந்தார், முகாம் ஓயும்வரை என் பதிவேட்டைப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை. 'சேவல் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் இல்லை என்றார்கள். அதற்கடுத்த வீட்டிலும் இல்லை.

மூன்று வாரம் கழித்துச் செய்தி வந்தது. அந்தத் தெருவில் கோழி சாகிறது. டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் பதற்றப்படவில்லை. பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பக்கத்தை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டு போனார். குரல் தாழ்ந்தது, நான் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது.

"பத்தொம்பது வீடு. பொட்டை நூத்துக்கு மேல. குஞ்சு இருநூறு. சேவல் ஒண்ணுகூட இல்ல. இந்தக் குஞ்செல்லாம் எப்படிப் பொரிச்சுது ஞானசேகர்?"

படித்தவன், பதிவேடு எழுதுகிறவன், இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் உடனே கிளம்பினோம்.

தெருவில் நான்கு சேவல் செத்திருந்தது. பெட்டை ஒன்றுகூடச் சாகவில்லை. டாக்டரம்மா ஒரு வீட்டு வாசலில் நின்று, சேவலுக்கு எப்போதிலிருந்து சரியில்லை என்று கேட்டார். அந்த வீட்டுக்காரர் சேவல் என்ற சொல்லைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் விஷயம் மெல்ல வெளியே வந்தது.

அந்தத் தெருவில், ஏரிக்கரையில் இருக்கும் முனியப்பரைத்தான் ஐயா என்பார்கள். ஒரு வேண்டுதல் என்றால் குஞ்சிலேயே ஒன்றைத் தேர்ந்து நேர்ந்துவிடுவார்கள். நேர்ந்த நிமிஷத்திலிருந்து அது அந்த வீட்டுக் கோழி இல்லை. அதைச் சேவல் என்று சொல்ல மாட்டார்கள். சேவல் என்றால் விற்கலாம், அறுக்கலாம், மாப்பிள்ளை வந்தால் குழம்பு வைக்கலாம். வாயால் சேவல் என்று சொன்னால் கொடுத்ததைத் திரும்பக் கேட்ட மாதிரி. அதனால் 'ஐயாது'. அதற்குக் குறை வரக்கூடாது. இறகு பிடுங்கக் கூடாது, நகம் வெட்டக் கூடாது, ரத்தம் வரும்படி முள்ளோ ஊசியோ படக்கூடாது. பங்குனி உத்திரத்தன்று ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். தெருவில் மொத்தம் பதினொன்று இருந்தது. நான் ஊசி போடாமல் விட்டது அந்தப் பதினொன்றை. பொய் சொல்லி அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னார்கள்.

அஞ்சலை வீட்டு ஐயாது உயிரோடு இருந்தது. செந்நிறம், வாலில் கருநீலம். கொல்லையில் வேலியோரம் நின்றுகொண்டிருந்தது. அஞ்சலை எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"அன்னிக்குக் கூவுனது ஒங்க காதுல வுழுந்துச்சா இல்லியா?" என்று நேராக என்னைக் கேட்டார்.

"விழுந்துச்சும்மா."

"அப்பறம் ஏன் வுட்டுட்டுப் போனீங்க?"

"நீங்க சேவல் இல்லைன்னீங்க."

"நான் சொல்லுவேங்க. நான் இன்னா படிச்சவளா? கண்ணால பாத்துகினு, காதால கேட்டுகினு நீங்க போவலாமா? இன்னான்னு ஒரு வார்த்த நின்னு கேக்கறதுக்கு ஒங்களுக்கு வாய் வலிச்சுதா?"

தப்பு என்னுதுதான் என்றேன். டாக்டரம்மா குறுக்கே பேசி என்னைக் காப்பாற்றவில்லை, அவர் காப்பாற்றவும் மாட்டார். அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். வீரமுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டதாம் அது. எழுந்து நின்றால், ஏரிக்கரைவரை தானே நடந்து வந்து தன் கையாலேயே ஐயாவிடம் விடுகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அரை கிலோமீட்டர். பங்குனி உத்திரத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை.

"அது செத்துச்சுன்னா இந்தாளு எந்திரிக்க மாட்டாருங்க. ஐயா வோணாம்னுட்டாருன்னு கால மடக்கிகினு படுத்துடுவாரு. எனக்குத் தெரியும்" என்றார். தணிந்த குரலில்தான் சொன்னார், ஆனால் உள்ளே கட்டிலில் இருந்தவருக்குக் கேட்டிருக்கும்.

டாக்டரம்மா உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். "ஊசி வேணாங்க. குஞ்சுக்கு விடற சொட்டு மருந்து இருக்கு. கண்ணுல ஒரு சொட்டு, மூக்குல ஒரு சொட்டு. குத்தாது, ரத்தம் வராது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நோய் ஏற்கெனவே உள்ள போயிருந்தா இந்தச் சொட்டு ஒண்ணும் செய்யாது. பத்து நாள் தாண்டினாத்தான் தெரியும்."

"கண்ணுல மருந்து வுட்டா கொறை ஆவாதா?" என்று அஞ்சலை இழுத்தார்.

வீரமுத்து கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனுக்கு எத்தினி ஊசி போட்டாங்க, எத்தினி தையலு. இவன் கொறையாப்பூட்டான், வராதன்னு ஐயா சொன்னாரா? எடுத்துகினு வா இங்க" என்றார்.

கட்டிலில் உட்கார்ந்தபடி அவரே பறவையை மடியில் அணைத்துக்கொண்டார். நான் அதன் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். அது இமைத்து உள்ளே வாங்கும்வரை காத்திருந்து, மூக்கின் ஒரு துளையை விரலால் அடைத்து, மறு துளையில் இன்னொரு சொட்டு. உறிஞ்சிக்கொண்டது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா விதித்த முறைதான் இந்தக் கதையில் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஐயாது வீட்டுக்குள்ளேயே பின்கட்டில் தனியாக இருக்க வேண்டும். மற்றக் கோழியைத் தொடுகிற யாரும் இதைத் தொடக்கூடாது. பெட்டைகளைப் பார்ப்பது அஞ்சலை. ஆகவே இதற்குக் கம்பும் தண்ணீரும் வைப்பது வீரமுத்து மட்டும்தான். காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும். எச்சத்தைச் சாம்பல் போட்டு அள்ள வேண்டும். படலைச் சாத்தி வைத்திருக்க வேண்டும், வேறு கோழி எட்டிப் பார்த்தால் துரத்த வேண்டும்.

"நானா?" என்றார் வீரமுத்து.

"வேற யார் இருக்காங்க வீட்ல?" என்றார் டாக்டரம்மா.

கட்டிலிலிருந்து பின்கட்டுக்குப் பதினாலு அடி இருக்கும். இதைத் திட்டம் போட்டுத்தான் செய்தீர்களா என்று வழியில் கேட்டேன். நோய்த்தடுப்பு முறையில் இருப்பதைத்தான் சொன்னேன் என்றார். அன்று சாயந்திரம் பதிவேட்டில் அந்தத் தெருவுக்கு நேராக, அச்சடித்த கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, மேலே 'ஐயாது' என்று எழுதினார். இறந்தது நான்கு, சொட்டு மருந்து ஏழு. பென்சில் கிடையாது, நேராக மையால் எழுதினார். பிறகு மேலிடத்திலிருந்து 'இது என்ன இனம்?' என்று ஒரு குறிப்பு வந்தது. அதற்கு அவர் ஒரு முழுப்பக்கம் விளக்கம் எழுதி, கட்டத்தை நீக்காமலே திருப்பி அனுப்பினார்.

தினமும் போனேன். செருப்போடு நோயைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் ரோட்டிலேயே நின்று குரல் கொடுப்பேன். வீரமுத்து வாசலுக்கு வந்து கையை உயர்த்தினால் நலம் என்று பொருள். முதல் மூன்று நாள் அவர் வாசலுக்கு வந்துசேர நான் ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம் ஆனது. ஐந்தாம் நாள் வாக்கரோடு வாசல்படி இறங்கி நின்றார். ஆறாம் நாள், "எச்சத்த அள்ளறன்னா கையக் கொத்துதுங்க. ஐயாதுன்னு பாக்கறேன், இல்லன்னா ரெண்டு போடுவேன்" என்று கத்திச் சொன்னார். பின்னால் நின்ற அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது. கோழி சாகிற செய்தி வந்தபிறகு அவர் வாசலைப் பற்றி நினைக்காமல் நான் சாப்பிட்ட முதல் சோறு அது.

ஒன்பதாம் நாள் வீரமுத்து கையை உயர்த்தவில்லை. கூவவில்லை என்று மட்டும் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் டாக்டரம்மாவும் நானும் போனபோது அது முடிந்துவிட்டிருந்தது. கழுத்து பின்பக்கமாகத் திருகியிருந்தது. நாங்கள் சொட்டு விட்ட அன்றே நோய் உள்ளே இருந்திருக்கிறது. முகாம் அன்றே, மிச்சமிருந்த அந்த முக்கால் மணி நேரத்தில், நான் இரண்டு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் அது செத்திருக்காது. இதை எந்தக் கணக்கு போட்டும் நான் மாற்ற முடியாது. இன்றைக்கும் முடியவில்லை. மற்ற ஆறும் பிழைத்துவிட்டன என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கொல்லையில் நான்தான் குழி வெட்டினேன். ஆழமாக வெட்டி, சுண்ணாம்பு போட்டு, பறவையை இறக்கி, மேலே மறுபடி சுண்ணாம்பு. அஞ்சலை அழவில்லை. அவர் குழியைப் பார்க்கவே இல்லை. வாக்கரைப் பிடித்தபடி கொல்லைவரை வந்து நின்றிருந்த கணவரின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கால் மடங்கப் போகிறது என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்ணை மூடியதும் டாக்டரம்மா பதிவேட்டைத் திறந்தார். ஐயாது என்ற கட்டத்தில் நான்கை ஐந்தாக்கப் பேனாவை எடுத்தார்.

"அதுல எழுதாதீங்க" என்றார் வீரமுத்து.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயாதுன்னா சாவுமாங்க? பத்து நாளா நான் பாத்துகினு இருந்தேன். தண்ணி குடிச்சுது, என்னக் கொத்துச்சு, சீக்கு வந்துச்சு, செத்துப்பூட்டுது. செத்தது சேவ. என் வூட்டு சேவ. சேவன்னு எழுதுங்க."

அஞ்சலை மெதுவாக, "அப்ப வேண்டுதலு?" என்றார்.

"நடந்து வரேன்னு சொன்னது நானு. நான் சாவல இல்ல?"

டாக்டரம்மா சேவல் என்ற கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தி, ஒன்று என்று எழுதினார்.

பங்குனி உத்திரத்தன்று எனக்கு அந்தத் தெருவில் வேலை ஒன்றுமில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். பிழைத்த ஆறு வீட்டுக்காரர்களும் கையில் பறவையோடு முன்னால் போய்விட்டார்கள். வீரமுத்து கடைசியாகக் கிளம்பினார். துவைத்த வேட்டி, நெற்றியில் திருநீறு. வாக்கரை முன்னால் வைத்து, ஒரு அடி. மறுபடி வாக்கர், ஒரு அடி. அஞ்சலை அவர் பக்கத்திலேயே நடந்தார், தொடவில்லை. வழியில் நான்கு முறை நின்றார். ஏரிக்கரை ஏற்றத்தில் இரண்டு பேர் தூக்க வந்தார்கள். போய்ட்டே இருங்கடா என்று விரட்டினார். வெயில் ஏறி, வேட்டி நனைந்து ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்த்தபின் முனியப்பர் முன்னால் போய் நின்றார்.

எல்லோரும் கொடுத்துவிட்டு விலகி நின்றார்கள். அவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு வாக்கரிலிருந்து வலது கையை எடுத்தார். அஞ்சலை சட்டென்று கையை நீட்டினார். அவர் இடது கையையும் எடுத்து, இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அஞ்சலை நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வாக்கர் தனியாக நின்றது, வீரமுத்துவும்.